ஃப்ரீடவுன்: விடுதலை பெற்றவர்கள் கட்டிய ஊரா, கட்டிக் கொடுக்கப்பட்ட ஊரா?

"மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுன், விடுதலை பெற்ற அடிமைகளால் நிறுவப்பட்டது" என்று போட்டித் தேர்வுப் புத்தகத்தில் ஒரு வரி படித்திருக்கிறீர்கள். தேடிப் பார்த்தால் ஓரிடத்தில் 1787 என்றும் இன்னோரிடத்தில் 1792 என்றும் இருக்கிறது, எது சரி என்று கேட்கிறீர்கள். கடைசியில், "எப்படியானாலும் பிரிட்டிஷ்காரர்கள் இரக்கப்பட்டுக் கட்டிக் கொடுத்த ஊர்தானே?" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். ஆண்டைப் பற்றிய சந்தேகத்தை இரண்டு வரியில் தீர்த்துவிடலாம். ஆனால் அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அந்த மக்களுக்கு விடுதலையை யாராவது கொடுத்தார்களா, அவர்களே எடுத்துக்கொண்டார்களா? அதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உலக வரலாறு நடத்தியவன் நான். அட்லாண்டிக் அடிமை வணிகம் ஒவ்வோர் ஆண்டும் என் பங்குக்கு வரும் பாடம். ஃப்ரீடவுனுக்கு நான் போனதில்லை. நான் அறிந்ததெல்லாம் ஆவணங்கள் வழியாகவும் ஆய்வாளர்கள் வழியாகவும் அறிந்தது. அந்த ஆவணங்களில் பெரும்பகுதி ஆங்கிலேய அதிகாரிகளும் குடியேற்றத்தை நடத்திய கம்பெனிக்காரர்களும் எழுதியவை. குடியேறியவர்கள் எழுதிய மனுக்களும் கடிதங்களும் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான டெம்னே மக்களின் தரப்பு அந்தக் காலத்தில் பெரும்பாலும் எழுதப்படவே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

முதலில் 1787. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் பக்கம் நின்ற கறுப்பர்கள் பலர், போர் முடிந்ததும் லண்டனில் வந்து ஒதுங்கினார்கள். வேலை கிடைக்கவில்லை, தெருவில் பட்டினி கிடந்தார்கள். 1786-இல் அவர்களுக்காக ஒரு நிவாரணக் குழு ஏற்பட்டது. தொடக்கத்தில் ரொட்டி கொடுத்த குழு, சில மாதங்களில் கப்பல் ஏற்றி அனுப்பும் யோசனைக்கு வந்துவிட்டது. சியரா லியோன் என்ற இடத்தைக் காட்டியவர் ஹென்றி ஸ்மீத்மன். அந்தக் கரையில் சில ஆண்டுகள் தங்கிக் கறையான்களை ஆராய்ந்தவர். கப்பல் கிளம்பும் முன்பே அவர் இறந்துபோனார். அடிமை முறையை எதிர்த்து நீதிமன்றங்களில் போராடிய கிரான்வில் ஷார்ப் திட்டத்தைக் கையில் எடுத்தார். 'விடுதலை மாகாணம்' என்று பெயர் வைத்தார். சரக்குப் பொறுப்பாளராக, தானே அடிமையாக இருந்து மீண்ட ஒலாடா எக்குவியானோ நியமிக்கப்பட்டார். பயணிகளுக்கு வாங்க வேண்டிய பொருட்களில் முறைகேடு நடக்கிறது என்று அவர் சொன்னார். அவரைத்தான் வேலையை விட்டு நீக்கினார்கள்.

சுமார் 400 பேர் ஏப்ரலில் கிளம்பி மே மாதம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே மழை தொடங்கும் மாதம் அது. கூரை போடவும் விதைக்கவும் முடியாத நேரத்தில் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. ஓராண்டுக்குள் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தோ பிரிந்தோ போனார்கள். பிழைப்புக்கு வழியில்லாமல் அடிமை வணிகர்களிடமே வேலைக்குச் சேர்ந்தவர்களும் உண்டு. ஷார்ப் அதைக் கேட்டு மனம் நொந்தார். 1789 கடைசியில், பிரிட்டிஷ் போர்க்கப்பல்காரர்கள் தன் ஊரைக் கொளுத்தியதற்குப் பழிவாங்க, கிங் ஜிம்மி என்று ஆங்கிலேயர் அழைத்த உள்ளூர்த் தலைவர் இவர்களுடைய கிரான்வில் டவுனைக் கொளுத்தினார். 1791-இல் ஆள் அனுப்பித் தேடியபோது அறுபது சொச்சம் பேர்தான் மிச்சம். 1787-க்கு வரலாற்றில் இடம் உண்டு. ஆனால் அந்த ஊர் எரிந்துபோயிற்று, அதன் பெயரும் ஃப்ரீடவுன் இல்லை.

இன்றைய ஃப்ரீடவுனின் கதை லண்டனில் தொடங்கவில்லை, நியூயார்க் துறைமுகத்தில் தொடங்குகிறது. அமெரிக்கப் போரின்போது, எஜமானர்களை விட்டு எங்கள் பக்கம் வருபவர்களுக்கு விடுதலை என்று பிரிட்டிஷ் தரப்பு 1775-இலும் 1779-இலும் அறிவித்தது. ஆயிரக்கணக்கானோர் உயிரைப் பணயம் வைத்து ஓடி வந்தார்கள். 1783-இல் போர் முடிந்து பிரிட்டிஷ் படை வெளியேறும்போது, எங்கள் அடிமைகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஜார்ஜ் வாஷிங்டன் நேரில் கேட்டார். பிரிட்டிஷ் தளபதி கை கார்ல்டன் மறுத்தார். கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க முடியாது என்றார். பின்னாளில் நஷ்ட ஈடு கேட்டால் கணக்கு வேண்டுமே என்று, கப்பல் ஏறிய ஒவ்வொருவரையும் ஒரு பேரேட்டில் பதிவு செய்யச் சொன்னார். ஏறத்தாழ 3,000 பேர். பெயர், வயது, உடல்வாகு பற்றி ஒரு சொல், யாருடைய உடைமையாக இருந்தவர், எப்போது வந்தார்.

அந்தப் பேரேட்டின் ஒரு வரியை ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். ஹாரி வாஷிங்டன், வயது 43, நல்ல ஆள், முன்பு ஜெனரல் வாஷிங்டனின் உடைமை, 7 ஆண்டுகளுக்கு முன் அவரை விட்டுப் போனவர். ஆம், அதே வாஷிங்டன்தான். மௌன்ட் வெர்னன் பண்ணையிலிருந்து தப்பியவர் இவர். எழுதிய குமாஸ்தா அறிந்து எழுதினாரோ அறியாமல் எழுதினாரோ, 'விட்டுப் போனவர்' என்ற அந்தச் சொல்லுக்கு எழுவாய் ஹாரி. உங்கள் புத்தகத்தின் 'விடுதலை பெற்ற' என்ற தொடர் தவறில்லை. ஆனால் பெற்றவர் என்று சொன்னதும் கொடுத்தவர் ஒருவரை மனம் தேடத் தொடங்கிவிடுகிறது. பேரேட்டில் பலருடைய வரி, கிட்டத்தட்ட இதே சொற்களில், அவர்கள் தாமாகக் கிளம்பி வந்த ஆண்டைச் சொல்லி முடிகிறது.

அவர்களைக் கொண்டுபோய் இறக்கிய இடம் கனடாவின் நோவா ஸ்கோஷியா. நிலம் தருவதாகச் சொன்னார்கள். பெரும்பாலோருக்கு நிலம் கிடைக்கவே இல்லை. கிடைத்தவர்களுக்குப் பாறையும் குளிரும். பெர்ச்டவுன் என்ற ஊரில் ஆயிரக்கணக்கானோர் குடிசையில் பனிக்காலத்தைக் கழித்தார்கள். கறுப்பர்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று 1784-இல் வெள்ளைப் படைவீரர்கள் பக்கத்து ஊரான ஷெல்பர்னில் அவர்களுடைய வீடுகளை இடித்துத் தள்ளினார்கள்.

தாமஸ் பீட்டர்ஸ் என்பவர் பெயரை உங்கள் குறிப்பேட்டில் கண்டிப்பாக எழுதிக்கொள்ளுங்கள். வட கரோலினாவில் அடிமையாக இருந்து 1776-இல் தப்பி, பிரிட்டிஷ் படையின் கறுப்பர் பிரிவில் சார்ஜெண்டாக இருந்தவர். மக்களிடம் ஒப்புதல் வாங்கி, மனுவை எடுத்துக்கொண்டு கடல் கடந்து லண்டனுக்குப் போனார். வழியில் யாராவது பிடித்து மறுபடி விற்றுவிடக் கூடிய காலம் அது. அவர் போய்ச் சேர்ந்தபோது, எரிந்த குடியேற்றத்தை மறுபடி எழுப்ப சியரா லியோன் கம்பெனி உருவாகிக்கொண்டிருந்தது. கம்பெனியிடம் பணமும் அனுமதியும் இருந்தன. குடியேற ஆள் இல்லை. பீட்டர்ஸ் பின்னால் ஆயிரம் பேர் இருந்தார்கள். ஊரைக் கட்டிக் கொடுத்தது யார் என்ற உங்கள் கேள்விக்கு விடை இந்தச் சந்திப்பில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

கம்பெனி சார்பில் நோவா ஸ்கோஷியாவுக்குப் போய் ஆள் திரட்டியவர் ஜான் கிளார்க்சன் என்ற இளம் கடற்படை அதிகாரி. ஆணுக்கு 20 ஏக்கர், மனைவிக்கு 10, குழந்தை ஒவ்வொன்றுக்கும் 5 ஏக்கர் என்றார். நிலத்துக்கு வாடகை உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை நம்பி ஏறத்தாழ 1,190 பேர் 1792 ஜனவரி 15 அன்று ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து 15 கப்பல்களில் புறப்பட்டார்கள். ஹாரி வாஷிங்டனும் ஏறினார். வழியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிளார்க்சனே காய்ச்சலில் பிழைத்தது அதிசயம். மார்ச்சில் கரை இறங்கி, காட்டைத் திருத்தி, கட்டிய குடியிருப்புக்கு ஃப்ரீடவுன் என்று பெயர் வந்தது. அதனால்தான் ஊருக்கு வயது 1792-இலிருந்து எண்ணப்படுகிறது.

கரை இறங்கியதும் ஒரு பெரிய மரத்தடியில் கூடித் தொழுதார்கள் என்பது ஊரின் மரபு. வந்தவுடன் வழிபாடு நடந்ததில் சந்தேகமில்லை. சபை சபையாகத் தங்கள் போதகர்களோடு வந்த மக்கள் அவர்கள். இந்த மரத்தின் கீழ்தான் நடந்தது என்பதை நான் மரபாக மட்டுமே சொல்வேன். நம் மொழிபெயர்ப்புகளில் அதைப் 'பருத்தி மரம்' என்று எழுதுகிறார்கள், திருத்திக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெயரைப் பார்த்து வந்த பிழை அது. அந்த மரம் நம் ஊர் இலவம்; தலையணைக்குப் பஞ்சு அடைக்கிறோமே, அதே இனம். ஊரின் நடுவில் நின்று, ரூபாய் நோட்டு போல அந்நாட்டு நாணயத்தாளிலெல்லாம் இடம்பெற்ற அந்த மரம் 2023 மே 24 அன்று புயல் மழையில் முறிந்து விழுந்தது.

இலவு காத்த கிளி என்று நாம் சொல்வது, நிலத்துக்காகக் காத்திருந்த அந்தக் குடும்பங்களுக்கு அப்படியே பொருந்தும். இருபது ஏக்கர் என்றது நான்கைந்து ஏக்கராகச் சுருங்கியது. கடலோர நிலத்தைக் கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்டது. மீன்பிடிக்கவும் வணிகம் செய்யவும் கரைதான் முக்கியம் என்பது குடியேறியவர்களுக்குத் தெரியாதா என்ன? தாமஸ் பீட்டர்ஸ் முதல் மழையிலேயே, 1792 ஜூனில், காய்ச்சலில் இறந்தார். ஆண்டு முடிவில் கிளார்க்சன் இங்கிலாந்து போனவர் திரும்பவில்லை. கம்பெனி அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. மறு ஆண்டு ஐசக் ஆண்டர்சன், கேட்டோ பெர்க்கின்ஸ் என்ற இருவரை ஊரார் தங்கள் சார்பில் லண்டனுக்கு அனுப்பினார்கள். இயக்குநர்கள் காது கொடுக்கவில்லை. அப்புறம் வந்தது ஏக்கருக்கு ஒரு ஷில்லிங் தீர்வை. பணம் பெரிதாகத் தெரியாது. ஆனால் தீர்வை கட்டினால் நிலம் கம்பெனியுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எஜமானனின் நிலத்தில் உழைத்துப் பழகியவர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகப் புரிந்திருந்தது. பெரும்பாலோர் கட்ட மறுத்தார்கள்.

இந்தக் காலத்தில் ஆளுநராக இருந்தவர் சக்கரி மெக்காலே. இந்தியக் கல்வி பற்றிய 1835 குறிப்பால் நம் எல்லோருக்கும் தெரிந்த மெக்காலேயின் அப்பா. அடிமை வணிகத்தை மனதார வெறுத்தவர், நேர்மையானவர், ஆனால் விட்டுக்கொடுக்கத் தெரியாதவர். 1794-இல் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து ஊரைச் சூறையாடி எரித்த பிறகு அதை மறுபடி எழுப்பியது அவர் ஆட்சியில்தான். தீர்வையை வற்புறுத்தியதும் அவர் ஆட்சியில்தான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1800 செப்டம்பரில் பொறுமை முடிந்தது. கம்பெனியின் அதிகாரம் கம்பெனி விவகாரத்தோடு நிற்கட்டும், ஊரை நாங்கள் ஆள்வோம் என்று சொல்லித் தாங்களே எழுதிய சட்டத்தை ஒட்டிவைத்தார்கள். ஆளுநரிடம் படைபலம் மிகக் குறைவு. அந்த நேரத்தில் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. அதில் இருந்தவர்கள் ஜமைக்காவின் மரூன்கள், சுமார் 550 பேர். தோட்டங்களிலிருந்து தப்பி மலைகளில் தங்களுக்கென்று ஊர் அமைத்து, பிரிட்டிஷ் படையோடு போரிட்டு, 1796-இல் நாடு கடத்தப்பட்டு, அவர்களும் நோவா ஸ்கோஷியாவின் குளிரைப் பார்த்து வந்தவர்கள். இறங்கியவுடன் அவர்களையே கலகக்காரர்கள் மேல் ஏவினார்கள். கலகம் அடங்கியது. லண்டனுக்குத் தூது போன ஐசக் ஆண்டர்சனும் இன்னொருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் ஊரை விட்டு விரட்டப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ஹாரி வாஷிங்டன். ஜெனரலிடமிருந்து தப்பி வந்தவரை, பெயரிலேயே விடுதலையை வைத்திருக்கும் ஊர் ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டது. இந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

டெம்னே மக்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் பாதிதான். 1787-இலும் 1788-இலும் துணி, துப்பாக்கி, ரம் போன்ற பொருட்களைக் கொடுத்து, நிலத்தை நிரந்தரமாக வாங்கிவிட்டதாக ஆங்கிலேயர் பத்திரம் எழுதி, தலைவர்களிடம் கீறல் ஒப்பம் வாங்கினார்கள். வந்தவரைத் தங்க வைப்பது, அவர் மரியாதை செய்துகொண்டு இருக்கும் வரை நிலத்தைப் பயன்படுத்த விடுவது என்பதே அந்தப் பகுதியின் வழக்கம். ஒரேயடியாக விற்பது வழக்கத்தில் இல்லை என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. நானும் அதையே ஏற்கிறேன். 1801-இல் டெம்னேக்கள் கம்பெனியின் கோட்டையைத் தாக்கினார்கள், தோற்றார்கள், அந்தத் தீபகற்பத்திலிருந்து தள்ளப்பட்டார்கள். நிலம் இல்லாதவர்களுக்கு நிலம் கொடுத்த கதைக்குள், நிலம் இழந்தவர்களின் கதையும் இருக்கிறது.

பிரிட்டனின் இரக்கம் என்ற எண்ணம் வலுப்பட்டது இதற்குப் பிந்திய காலத்தில். 1807-இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. 1808 ஜனவரி 1 முதல் ஃப்ரீடவுன் நேரடி அரச காலனி. பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கடலில் அடிமைக் கப்பல்களைப் பிடித்து அங்கே கொண்டுவந்தன. அடுத்த அரை நூற்றாண்டில் இப்படி இறக்கப்பட்டவர்கள் 80,000-க்கும் மேல். புதிய கணக்கீடுகள் இன்னும் கூட்டிச் சொல்கின்றன. இறக்கியவர்களை வைத்திருந்த வளாகத்தின் வாயில் இன்றும் மருத்துவமனை ஒன்றின் வாசலாக நிற்கிறது. அதன் மேல் 1817 என்று ஆண்டு பொறித்து, பிரிட்டிஷ் வீரத்தாலும் கருணையாலும் அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்கான மருத்துவமனை, புகலிடம் என்று கல்லில் எழுதியிருக்கிறது. நீங்கள் கேட்ட கேள்வியின் வேர் அந்தக் கல்வெட்டு என்றே சொல்லலாம்.

அந்தக் கல்லில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கடற்படையினர் பலர் அந்தப் பணியில் நோயால் செத்தார்கள். கப்பலின் அடித்தளத்திலிருந்து வெளியே வந்த ஒவ்வொருவருக்கும் அது உயிர். ஆனால் தொடக்க ஆண்டுகளில் மாலுமிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பரிசுப்பணம் உண்டு: ஆணுக்கு 60 பவுண்டு, பெண்ணுக்கு 30, குழந்தைக்கு 10. மீட்கப்பட்டவர்களைக் கேட்டு எதுவும் செய்யவில்லை. வலுவான இளைஞர்கள் படைக்குப் போனார்கள். பலரைத் தொழில் பழகுவது என்ற பெயரில், 14 ஆண்டுகள் வரை, யாரிடமாவது ஒப்படைத்தார்கள். இதுவும் அடிமைத்தனம்தான் என்று முதல் அரச ஆளுநர் தாமஸ் பெரனட் தாம்சனே எழுதினார். அவரை லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது.

இத்தனைக்கும் நடுவில் அந்த மக்கள் செய்துகொண்டது பெரிது. நைஜீரியப் பக்கம் முதல் காங்கோ வரை எங்கெங்கிருந்தோ பிடிக்கப்பட்டவர்கள், ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாதவர்கள். சிகிஸ்மண்ட் கோல் என்ற ஜெர்மானியப் பாதிரியார் ஃப்ரீடவுனில் இருந்துகொண்டே 150-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மொழிகளின் சொற்களைத் தொகுத்து 1854-இல் வெளியிட்டார். அத்தனை மொழிக்காரர்களும் அந்த ஒரு மலைச்சரிவில் இருந்தார்கள். அவர்களிடையே கிரியோ என்ற பொது மொழி வளர்ந்தது. அதில் ஆங்கிலச் சொற்கள் மிகுதி, யொரூபா முதலிய மொழிகளின் சொற்களும் நடையும் உள்ளே. சந்தித்தால் "ஹௌ டி பாடி?" என்பார்கள், "உடம்பு எப்படி இருக்கு?" என்று நாம் கேட்பதேதான். முன்னோருக்குப் படையல் போட்டு ஊரைக் கூட்டிச் சாப்பிடும் அவுஜோ என்ற சடங்கைத் தேவாலயம் போகும் குடும்பங்களும் விடவில்லை. இவர்கள் வழிவந்த கிரியோ இனத்தவர் இன்று நாட்டில் மிகச் சிறு பகுதி. அவர்கள் மொழியோ நாடு முழுக்கப் பேசப்படுகிறது.

1822-இல் இப்படி மீட்கப்பட்டு வந்த ஒரு யொரூபாச் சிறுவன் அஜாயி. பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் எழுத்துக் கற்று, 1827-இல் தொடங்கிய ஃபோரா பே கல்லூரியின் முதல் மாணவர்களில் ஒருவனாகி, சாமுவேல் அஜாயி குரோதர் என்ற பெயரில் 1864-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயரானார். 1846-இல், பிடிபட்டு இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, இன்றைய நைஜீரியாவில் உள்ள அபெயோகுட்டாவில் தன் தாயைக் கண்டுபிடித்தார். பார்த்ததும் இருவருக்கும் பேச்சு வரவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம் என்ற பொருளில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பிரிட்டன் கப்பலும் பணமும் கொடுத்தது, கொடுத்த வாக்கை மீறியது, பிந்திய காலத்தில் ஆயிரமாயிரம் பேரைக் கடலில் காப்பாற்றியது. இது ஆவணப்படி உறுதி. ஊரை நிறுவியவர்கள், விடுதலையைத் தாங்களே தேடிப் போனவர்களும், நிலம் எங்கே என்று விடாமல் கேட்டவர்களும். இது என் தீர்ப்பு. இருபது ஆண்டு நடத்திய பிறகும் மாறாத தீர்ப்பு. தேர்வைப் பொறுத்தவரை, சியரா லியோனில் முதல் குடியேற்றம் எப்போது என்று கேட்டால் 1787 என்று எழுதுங்கள். ஃப்ரீடவுன் நகரம் என்று கேட்டால் 1792. யார் நிறுவினார்கள் என்று கேட்டு இரண்டு வரி இடம் விட்டிருந்தால், நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்தவர்கள் என்று எழுதி, தாமஸ் பீட்டர்ஸ் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.